சரசா புதுசைப் பழசாக்கிய கதை

என் தங்கை சரசாவின் கண்ணில் ஒரு நூல் தொங்குவது பட்டால் அந்த நூல் பிழைக்காது. கல்யாண வீட்டில் பக்கத்து நாற்காலிக்காரம்மாவின் முந்தானையில் பிசிறு தெரிந்தால் போதும். அந்த அம்மா திரும்பிப் பார்ப்பதற்குள் பிசிறு தரையில் கிடக்கும். ஒருமுறை ஆவடி பஸ்ஸில் முன்சீட்டுக்காரரின் சட்டைக் காலரில் தொங்கிய நூலை வெட்டப் போனாள். அவர் கழுத்துச் சங்கிலியை அறுக்கிறாள் என்று நினைத்துக் கத்த, கண்டக்டர் விசில் அடித்து வண்டியையே நிறுத்திவிட்டார்.

"சங்கிலியே இல்லாத கழுத்துக்கு இன்னா கூவு கூவுறான் பாரு அண்ணாத்தே" என்று வீட்டுக்கு வந்து அவர் மேலேயே புகார் சொன்னாள்.

அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் அவளுக்கு செக்கிங் வேலை. தைத்து வரும் துணியை மேசையில் விரித்து, திருப்பி, இழுத்துப் பார்த்து, தொங்கும் நூலையெல்லாம் வெட்ட வேண்டும். அதற்கு டிரிம்மர் என்று விரல் நீளத்தில் ஒரு குட்டிக் கத்தரி உண்டு. அதைக் கறுப்புக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் போட்டிருப்பாள். ஞாயிற்றுக்கிழமையும் கழற்ற மாட்டாள்.

அவள் புருஷன் சம்பத் லாரியில் கிளீனராக வடக்கே போனவன். லாரி திரும்பி வந்தது, அவன் வரவில்லை. நாசிக்கில் ஒரு வெங்காய மண்டியில் ஆள் நன்றாகவே இருக்கிறான் என்று பிற்பாடு தெரிந்தது. "வெங்காயத்தோட போனவனுக்கு நான் எதுக்குக் கண்ணு கலங்கணும்?" என்று கேட்டுவிட்டு, அடுத்த வாரமே கம்பெனியில் சேர்ந்தாள். அப்போதிருந்து அயனம்பாக்கத்தில் எங்கள் வீட்டு மாடி ரூமில்தான் இருக்கிறாள். மாடிக்கு வாடகை வேண்டாம் என்றால் சண்டைக்கு வருவாள்.

அவளுக்குப் பிள்ளை இல்லை. ஆனால் அந்தக் கம்பெனி தைப்பது பூராவும் அமெரிக்கக் குழந்தைகளுக்குத்தான். "அமெரிக்கால பாதிப் புள்ளைங்க என் கை பட்டுத்தான் வளருது" என்பாள். துணியின் அளவை வைத்து அந்த ஊர்க் குழந்தைகளைப் பற்றி ஒரு முடிவுக்கும் வந்திருந்தாள். "மூணு மாசப் புள்ளையாம். நம்ம ஊரு ஒண்ணாங்கிளாஸ் பையன் போடலாம். அங்க இன்னாத்த ஊட்றாங்களோ!"

ஆடி முடிகிற சமயத்தில் எனக்குப் பேரன் பிறந்தான். நான் பரந்தாமன், எஸ்டேட்டுக்கும் ஆவடிக்கும் நடுவில் ஷேர் ஆட்டோ ஓட்டி ஓய்ந்தவன். எத்தனையோ பேரை ஏற்றி இறக்கியிருக்கிறேன். என் மடியில் ஏறிய முதல் சவாரி இவன்தான். இறங்கவும் மாட்டேன் என்கிறான், காசும் கொடுப்பதில்லை. அந்த வாயைத் திறந்து ஒரு கொட்டாவி விட்டான் என்றால், அதைப் பார்க்க நான் எதிர்வீட்டுக்காரர்களையெல்லாம் கூப்பிடுவேன். முதலில் வந்தார்கள். அப்புறம் கதவைச் சாத்திக்கொண்டார்கள்.

என் மருமகள் கிருஷ்ணப்பிரியாவுக்கு அம்மா இல்லை. அதனால் பிரசவம் பார்த்ததெல்லாம் எங்கள் வீட்டில். என் மனைவி சுதா வழக்கப்படி என் பழைய வேட்டிகளைத் துவைத்துக் கிழித்து, குழந்தைக்குச் சுற்றினாள். பெயர் வைக்கிற நாள் வரை பிறந்த குழந்தைக்குப் புதுத்துணி போடக்கூடாது. யாராவது உடுத்திய, மெத்தென்ற பழசுதான் ஆகும். எங்கள் பக்கம் எல்லா வீட்டிலும் இதுதான்.

இதில் கஷ்டப்பட்டது சரசா ஒருத்திதான். கிழித்த வேட்டியின் நாலு ஓரத்திலும் பிசிறு. குழந்தையைப் பார்க்க வருவாள், கை தன்னால் கழுத்துக்குப் போகும், சுதா ஒரு பார்வை பார்ப்பாள், கை கீழே இறங்கும்.

அந்தச் சமயத்தில்தான் அமெரிக்காவில் நம் ஊர்த் துணிக்கு, முன்பே ஏற ஆரம்பித்திருந்த வரியை இன்னும் தூக்கிப் போட்டார்கள்.

கம்பெனி முதலாளி ஹேமநாதன் எல்லோரையும் கேன்டீனில் கூட்டிப் பேசினாராம். அமெரிக்கக் கடைக்காரர்கள் சரக்கை எடுக்க மாட்டேன் என்கிறார்கள். பெட்டிகள் கூரை முட்ட அடுக்கிக் கிடக்கின்றன. கிடக்கிறதை இங்கேயே விற்றுக் காட்டினால் தையல் லைன் ஓடும், இல்லாவிட்டால் தீபாவளிக்கு அப்புறம் செக்கிங் பிரிவை மூட வேண்டியதுதான் என்று சொல்லிவிட்டார். சனிக்கிழமைகளில் கேட்டுக்கு வெளியே மேசை போட்டு, ஆளுக்குக் கொஞ்சம் சரக்கு கொடுத்து விற்கச் சொன்னார்.

"மூடிட்டா இன்னா பண்ணுவ?" என்று கேட்டேன்.

"இந்த வயசுல வேற எவன் என்னைச் சேத்துக்குவான்? எனக்கு இன்னா தெரியும், நூலு வெட்டத் தெரியும். உன் மீசைய வேணா தெனம் வெட்டிகினு குந்தட்டுமா?"

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனால் அன்று ராத்திரி சாப்பிடக் கீழே வரவில்லை.

இங்கே என் சம்பந்தி ஞானசேகரனைப் பற்றிச் சொல்ல வேண்டும். திருநெல்வேலிக்காரர். ஆவடி டாங்கி பாக்டரியில் வேலை பார்த்து ரிடையர் ஆனவர். திருமுல்லைவாயிலில் இருந்து தினம் பேரனைப் பார்க்க வருவார். எந்தப் பொருளை நீட்டினாலும் தலைகீழாகக் கவிழ்த்து, எந்த ஊரில் செய்தது என்று அடியைப் படித்த பிறகுதான் தொடுவார். எங்கள் வீட்டு டம்ளரைக்கூட அப்படிக் கவிழ்த்தார். அதில் காபி இருந்தது.

பேரனுக்கு நான் ஆசையாக ஒரு பாட்டுப் பாடும் பொம்மை வாங்கி வைத்திருந்தேன். அதையும் கவிழ்த்தார்.

"சம்பந்தி, அடியப் பாத்தியளா? சீனா! இதுக்குத்தான் நம்ம கவர்மென்ட்டு பொம்மைக்கு வரிய ஏத்தி வச்சிருக்கு. அப்பத்தான் நம்ம ஊர்ல பொம்ம செய்யுதவன் பொழைப்பான்."

மேலிருந்து இறங்கி வந்த சரசா அப்படியே நின்றாள்.

"அப்ப வரி நல்லதா சம்பந்தி?"

"நல்லதுதாம்மா. நாட்டுக்கு நல்லது."

"அமெரிக்காக்காரனும் அவன் நாட்டுக்கு நல்லதுன்னுதான் என் துணிக்குப் போட்டுகீறான். அது மட்டும் கெட்டதா?"

"அது வேற, இது வேற."

"எப்டி வேற? அதச் சொல்லு."

அவர் தொண்டையைச் செருமினார். "அந்த வரிய அந்த ஊரு அம்மாமாருதான் கட்டுதாங்க. வெல ஏறும், அவளுவ அழுவா. நமக்கு ஒண்ணுமில்ல."

"அவங்க கட்னா, நான் ஏன் ஊட்ல குந்திக்கணும்?"

ஞானசேகரன் பேப்பரைத் தேடினார். பேப்பர் அவர் கையிலேயே இருந்தது.

கட்டிலில் இருந்து கிருஷ்ணப்பிரியா குரல் கொடுத்தாள். அவளுக்கு எஸ்டேட் பக்கத்து ஐ.டி. பார்க்கில் வேலை, அமெரிக்காவில் உள்ள ஒரு கடைக்கு வரும் புகார்களுக்கு இங்கே உட்கார்ந்து பதில் சொல்வாள். "லீவு போடறதுக்கு முன்னாடியே ஒரு அம்மா கேட்டாங்கப்பா, போன மாசம் இருந்த விலை இந்த மாசம் ஏன் இல்லன்னு. கொழந்த டிரெஸ்ஸுதான். நான் என்ன சொல்றது? எங்க வீட்டு மாடிலயே ஒரு அத்தை இருக்காங்க, அவங்களையே கேளுங்கன்னா?"

"சொல்லியிருக்கலாம்ல" என்றாள் சரசா. "நான் நேரா பேசிகினு இருப்பேன்."

"இனிமே நாங்க பேசறதுக்கும் வரி போடப் போறாங்களாம் அத்தை. ஆபீஸ்ல பேசிக்கறாங்க. உங்க நூலுக்குப் போட்டாங்க, அடுத்து என் வாய்க்கு."

"உன் வாய்க்குப் போட்டா நாட்டுக்கே நல்ல வருமானம்" என்று சுதா அடுப்படியிலிருந்து சொன்னாள். அந்த நேரம் பேரன் ஞானசேகரனின் பேப்பர் மேல் ஒரு தீர்ப்பு எழுதினான். பேச்சு அதோடு முடிந்தது.

முதல் சனிக்கிழமை சரசாவின் மேசையில் ஒன்றும் விற்கவில்லை. நானும் கூட நின்றேன். துணி என்னவோ வெண்ணெய் மாதிரி இருந்தது. ஆனால் கழுத்திலிருந்து பாதம் வரை ஒரே பையாக மூடித் தைத்த உடுப்பு. வந்த பெண்கள் விரலை உள்ளே விட்டுப் பார்த்துவிட்டு, "இத்தப் போட்டா புள்ள வெந்து பூடும்" என்றார்கள். சின்ன அளவை எடுத்தவர்களும் கீழே வைத்தார்கள். பிறந்த குழந்தைக்கு வாங்கலாம் என்றால் புதுசு போடக்கூடாது. போடலாம் என்கிற வயசு வந்த பிறகு இந்த அளவு பத்தாது. நின்று பேசியவர்கள் எல்லோரும் போகிறபோது, "பழசு எதனா கீதாக்கா?" என்று கேட்டுவிட்டுப் போனார்கள். எதிர்வீட்டு புஷ்பாவும்தான். அவள் மகள் கார்த்திகாவுக்கு அது நிறைமாதம்.

"புதுசு விக்கிறவகிட்ட பழசு கேக்கறாங்க. இன்னா ஜென்மங்களோ!" என்று சரசா பெட்டியை மூடினாள்.

அடுத்த வெள்ளிக்கிழமை பேரனுக்குப் பெயர் வைத்தோம். ஆதிரன். எங்களுக்குப் பெண் பிள்ளை இல்லாததால் அத்தை முறை செய்ய சரசாதான். முதல் புது உடுப்பும் அவள் வாங்கி வந்ததே. கம்பெனி சரக்கு, மஞ்சள் நிறம், மார்பில் ஒரு வாத்து. அதை மாட்டிவிட்டு, டிச் பட்டனைத் திறந்து, இடுப்பில் கறுப்பு அரைஞாண் கயிற்றைக் கட்டினாள். முடிச்சுப் போட்டாள். முடிச்சுக்கு வெளியே கயிற்றின் நுனி கொஞ்சம் நீளமாகத் தொங்கியது.

எல்லோரும் குழந்தையின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தோம். 'க்ளிக்' என்று ஒரு சத்தம்.

நுனியை ஒட்ட வெட்டிவிட்டாள். முடிச்சு கழன்று, அரைஞாண் என் பேரன் இடுப்பிலிருந்து நழுவி, தட்டில் இருந்த வெற்றிலை மேல் விழுந்தது.

முதலில் பேசியது ஞானசேகரன். "கட்டுனவளே அறுத்துட்டாளே சம்பந்தி!"

"அய்யோ, நான் இல்ல, கை!" என்று சரசா கையைத் தூக்கிக் காட்டினாள். கையில் டிரிம்மர்.

"நூலுன்னு நெனச்சியா, வாலுன்னு நெனச்சியா? அந்தப் பேமானிக் கத்தரிய இன்னிக்காவது கழட்டி வெச்சுட்டு வரக்கூடாதா?" என்று சுதா சத்தம் போட்டாள். என் மகன் கௌதம் வேறு கயிறு வாங்க வண்டியை எடுத்தான். இதையெல்லாம் பார்த்து ஆதிரன் மட்டும் மிகவும் நிம்மதியாக உடுப்பை நனைத்தான். கழற்றி வைத்தோம்.

சரசா சுவரோரமாகப் போய் உட்கார்ந்துகொண்டாள். "பாத்தியா, வேலைய விட்டு அனுப்பினாக்கூட இந்தக் கை என்னை உடாது போலகீது அண்ணாத்தே" என்றாள். இந்தத் தடவை சிரிக்கவில்லை. நான் பேரனைத் தூக்கி அவள் மடியில் வைத்தேன். அவன் அவளுடைய சேலையையும் நனைத்தான்.

அப்போதுதான் புஷ்பா பக்கத்தில் வந்து, ஈரமாகக் கிடந்த மஞ்சள் உடுப்பை எடுத்தாள். "சரசாக்கா, இத்த நான் எடுத்துகினு போறேன். அலசிட்டு கார்த்திகாவுக்கு வெச்சுக்கறேன்."

"அன்னிக்கு மேசையில இதேதானடி இருந்துச்சு? கால் மூடிகீது, வேர்க்கும்னு சொன்னியே!"

"காலு கெடக்குது, வெட்டிக்கலாம். அன்னிக்கு அது புதுசு. இப்ப உங்க பேரன் போட்டுட்டான் இல்ல? பழசு. ராசியான புள்ள வேற, எப்டி கொழுகொழுன்னு கீறான் பாரு."

சரசா மடியில் இருந்த குழந்தையைப் பார்த்தாள். உடுப்பைப் பார்த்தாள். மறுபடி குழந்தையைப் பார்த்தாள். சரக்கு வாங்க வருகிற பையர் சாம்பிளைப் பார்ப்பது போல இருந்தது.

மறுநாள் சாயங்காலம் ஒரு பெட்டியோடு வந்து இறங்கினாள். விற்பதற்கு என்று கம்பெனியில் எழுதிக் கொடுத்துவிட்டு எடுத்து வந்த சரக்கு. கிருஷ்ணப்பிரியாவிடம் விஷயத்தைச் சொன்னபோது அவள் முதலில் சிரித்தாள். பிறகு, இது நிஜம் என்று தெரிந்ததும் எழுந்து உட்கார்ந்தாள்.

"அத்தை, எம் புள்ளைய மாடலிங் விடறீங்களா?"

"அவன் என்னமோ சும்மா கெடக்கற மாதிரி! மணிக்கு ஒருவாட்டி நனைக்கறான், மணிக்கு ஒருவாட்டி மாத்தற. மாத்தறத இதுல மாத்து. நான் தொவைக்கறேன்."

"தூங்கும்போது தொடக்கூடாது. பசியில தொடக்கூடாது. அழுதா அன்னிக்கு லீவு."

"கம்பெனிலயே எனக்கு இவ்ளோ சலுகை கெடையாது" என்று சரசா ஒப்புக்கொண்டாள்.

அன்றிலிருந்து எங்கள் வீடு ஒரு பாக்டரி ஆனது. சரசா முதலில் உடுப்பின் பாதத்தையும் நீளக் கையையும் வெட்டி, ஓரத்தை மடித்து என் வீட்டுத் தையல் மிஷினில் ஓட்டுவாள். சுதா முதல் ஆளாக ஒரு தடவை அலசிக் காய வைப்பாள். அப்புறம் ஆதிரன் போடுவான். போட்டவன் தன் வேலையைத் தாமதமில்லாமல் முடிப்பான். "ஷிப்மென்ட் ரெடி!" என்று கிருஷ்ணப்பிரியா குரல் கொடுப்பாள். மறுபடி சோப்பு, வெந்நீர், வெயில். மொட்டை மாடியில் வாத்தும் முயலும் யானையுமாகக் கொடி நிறையத் தொங்கின. பால் குடித்து முடித்த நேரங்களில் உற்பத்தி அதிகம். மழை பெய்த நாளில் அவனே இரட்டை ஷிப்ட் பார்த்தான். அம்பத்தூர் எஸ்டேட் வட்டாரத்திலேயே வயசில் சின்ன தொழிலாளி என் பேரன்தான். படுத்துக்கொண்டே வேலை செய்தவனும் அவன்தான்.

ஞானசேகரனுக்கு மட்டும் பொறுக்கவில்லை. "டாங்கி செஞ்ச கையி இது. எம் பேரன மூத்திரக் கம்பெனிக்கு அனுப்பிட்டியளே!" என்று குதித்தார். சரசா ஒரு உடுப்பைத் திருப்பி, கழுத்துப் பட்டையில் இருந்த லேபிளை அவரிடம் காட்டினாள். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார். இந்தியாவில் செய்தது. அடுத்ததை எடுத்தார். அதிலும் அதே. இன்னொன்று. அன்று மதியம் கொடியில் காய்ந்ததையெல்லாம் ஒவ்வொன்றாகத் திருப்பிப் படித்துவிட்டு, சாயங்காலம் தானே உட்கார்ந்து மடித்து வைத்தார். எத்தனையோ பொருளைக் கவிழ்த்து அடியைப் பார்த்த மனுஷன், ஒரே நாளில் இத்தனை முறை சந்தோஷப்பட்டு நான் கண்டதில்லை.

அடுத்த சனிக்கிழமை மேசையில் ஒரு அட்டையை நிற்க வைத்தோம்: 'நல்ல குழந்தை ஒரு தடவை போட்டது. துவைத்தது.' ஆதிரனையும் கொஞ்ச நேரம் காட்டலாம் என்றேன் நான். கிருஷ்ணப்பிரியா முறைத்ததால் விட்டுவிட்டேன்.

மேசை காலியாகிவிட்டது. கர்ப்பிணிப் பெண்களின் அம்மாக்கள், மாமியார்கள், திருவேற்காட்டிலிருந்து பேத்திக்கு வாங்க வந்த ஒரு கிழவர். புதுசாக இருந்தபோது சொன்ன விலையேதான். ஒருத்தரும் பேரம் பேசவில்லை. பக்கத்து மேசைக்காரி மட்டும் புதுச் சரக்கோடு ஈ ஓட்டிக்கொண்டு, "எங்கக்கா புடிச்ச இந்தப் பழச?" என்று கேட்டாள்.

கூட்டத்தைப் பார்த்து ஹேமநாதன் கேட்டுக்கு வெளியே வந்துவிட்டார். அட்டையைப் படித்தார். ஒரு உடுப்பை எடுத்து, வெட்டிய காலைத் தடவிப் பார்த்தார். சரசாவின் முகம் வெளுத்துவிட்டது. சரக்கை வெட்டலாம் என்று யாரும் அவளிடம் சொல்லவில்லை.

"என்னம்மா இது? எக்ஸ்போர்ட் பீஸை வெட்டி, நம்ம கம்பெனி வாசல்லயே பழைய துணின்னு விக்கிறியா?"

"பழசுதான் சார். பொய் இல்ல. எங்க ஊட்டுப் புள்ள போட்டுச்சு."

"எல்லாத்தையுமா?"

"ஒண்ணு உடாம."

ஹேமநாதன் என்னைப் பார்த்தார். "நான்தான் சார் தாத்தா" என்றேன். வேறு என்ன சொல்ல? போனில் இருந்த படங்களையும் காட்டினேன். அவர் கேட்கவில்லை, ஆனாலும் பார்த்தார். வாத்து உடுப்புக்கு வந்தபோது அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அப்புறம் கூரை முட்டக் கிடக்கிற பெட்டிகளை நினைத்தாரோ என்னவோ, சிரிப்பு நின்றது.

"ஒரு கொழந்த எத்தனை பீஸ்ம்மா போட முடியும்? உள்ள கெடக்கறதுக்கு ஊர்ல இருக்கற புள்ளைங்கள எல்லாம் வேலைக்கு எடுக்கணும்."

சரசாவின் கை கழுத்துக்குப் போய் டிரிம்மரைப் பிடித்துக்கொண்டது. அப்போது பின்னாலிருந்து புஷ்பா, "எதுக்கு சார் புள்ளைங்க? தண்ணில ரெண்டு வாட்டி முக்கி எடுத்தாலே புதுசு பூடும். மெத்துனு ஆவுற வரைக்கும் தொவைச்சுக் குடுங்க, கால வெட்டிக் குடுங்க, நாங்க வாங்கிக்கறோம்" என்றாள்.

"அப்ப ஏண்டி இவ்ளோ நாளா எம் பேரன வேலை வாங்குன?" என்று சரசா திரும்பினாள்.

"நீ கேக்கல. நான் சொல்லல. அதுவும் இல்லாம, உங்க பேரன் போட்டதுன்னா ஒரு இது" என்றாள் புஷ்பா. அந்த 'ஒரு இது' என்ன என்று விளக்கச் சொல்லி நான் இன்னும் அவளைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். எத்தனை தடவை கேட்டாலும் இனிக்கிறது.

தீபாவளி வந்தது, போனது. செக்கிங் பிரிவை மூடவில்லை. அமெரிக்கப் பெட்டிகளைப் பிரித்து, கால் கையை வெட்டி, மடித்துத் தைத்து, துவைத்து நம் ஊர்க் கடைகளுக்கு அனுப்புகிறார்கள். அதற்கு ஒரு தனி ரூம். அதை சரசா பார்த்துக்கொள்கிறாள். வெட்டச் சொல்லிச் சம்பளம் கொடுத்தால் அவளுக்குக் கசக்குமா? அடுத்த வருஷம் எப்படி என்று அவளுக்கும் தெரியாது, ஹேமநாதனுக்கும் தெரியாது. வரி போட்டவர்களுக்காவது தெரிந்தால் சரி.

அந்த ரூமுக்குப் பெரிய துவைக்கிற மிஷின் வந்து இறங்கிய அன்று, பூஜைக்கு எங்களையும் கூப்பிட்டாள். ஆதிரனைத் தூக்கிக்கொண்டு போனோம். அவன் வேலையைப் பறித்த மிஷினாயிற்றே, ஒரு தடவை நேரில் பார்க்கட்டும். ஞானசேகரன் மாலை போட்ட மிஷினைச் சுற்றி வந்தார். பின்பக்கம் போனார். முழங்காலைப் பிடித்துக்கொண்டு மெல்லக் குனிந்தார்.

"சம்பந்தி!" என்று சரசா அங்கிருந்தே கூவினாள். "அடியப் பாக்காத. எழுந்து வந்து சுண்டல வாங்கு."

அவர் பார்த்துவிட்டார். முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது எந்த ஊர் என்று. ஆனாலும் நிமிர்ந்து, வேட்டியைத் தட்டிவிட்டு, சுண்டலுக்குக் கையை நீட்டினார். அந்த வேட்டி ஓரத்தில் ஒரு பிசிறு தொங்கிக்கொண்டிருந்தது. அவர் முதல் வாய் போடுவதற்குள் அது தரையில் கிடந்தது.